வீட்டுத் தச்சுப்பட்டறையும் கண்ணுக்குத் தெரியாத தூசியும்

வாழ்வாதார உதவி என்ற பெயரில் தச்சுத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கப்படும் பொருட்களின் பட்டியல்கள் சிலவற்றைக் கடந்த சில ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன். வட்டவாள், பிளேனர், துளைபோடும் மெசின், றவுட்டர், சில பட்டியல்களில் ஜெனரேற்றர். ஒன்றில் உதவி செய்தவர்களின் பெயர்ப்பலகைக்கும் தனியாகப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். இந்த மெசின்கள் கிளப்பும் தூசியைப் பிடிப்பதற்கான ஒரு பொருளையும் நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் காணவில்லை.

போருக்குப் பிறகு வன்னியில் தச்சுவேலை பெருகியதற்குக் காரணம் உண்டு. இந்திய வீட்டுத் திட்டம் மட்டும் வடக்கு, கிழக்கில் 46,000 வீடுகளுக்குத் திட்டமிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை வேண்டும், கதவு வேண்டும், யன்னல் வேண்டும். புனர்வாழ்வு முகாமில் தொழில் பழகி வந்தவர்கள், தகப்பனிடம் உளி பிடிக்கப் பழகியவர்கள், இடம்பெயர்ந்து போன இடத்தில் கூலிக்கு நின்று கற்றுக்கொண்டவர்கள் என்று பலரும் வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டில் போட்டுத் தொழிலைத் தொடங்கினார்கள். அந்தக் கொட்டில்களில் பல இன்றைக்கும் குசினிச் சுவரோடு ஒட்டியே நிற்கின்றன. பகலில் அப்பா மரம் சீவுகிற இடத்துக்குப் பக்கத்து அறையில் இரவில் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

கிளிநொச்சி மாவட்டத்தில் அப்படியொரு பட்டறை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் நெஞ்சில் ஷெல் துண்டோடு வாழ்கிறார். எடுத்தால் ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்ட துண்டு அது. மாரி காலத்தில் இருமல் கூடும், படி ஏறினால் மூச்சு வாங்கும். தூசியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "பிள்ளை, தச்சனுக்குத் தூள் எண்டுறது ஐயருக்கு வீபூதி மாதிரி. பூசாமல் தொழில் இல்லை" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கையில கொஞ்சக் காசு இருக்கு. இழுக்கிற மெசின் ஒண்டு வாங்கலாம் எண்டு பார்க்கிறன். எதை வாங்குறது?" என்று கேட்டார். நான் தச்சுவேலை தெரிந்தவள் அல்ல. ஊடகக் கற்கை படித்தவள். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்கான பதிலைத் தமிழில் ஓரிடத்தில் எடுப்பது கடினமாகவும் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தூள் வேறு, தூசி வேறு

பட்டறையில் மரம் மூன்று விதமாக உதிர்கிறது. பிளேனரிலிருந்து சுருள் சுருளாக வருவது சீவல். வாளிலிருந்து கொட்டுவது தூள். சாண்ட் பேப்பரிலிருந்தும் றவுட்டரிலிருந்தும், வாளின் பல்லிலிருந்தும் கூடக் கிளம்பி, கொட்டாமல் காற்றிலேயே நின்றுவிடுவது தூசி. நாங்கள் கூட்டி அள்ளுவது முதல் இரண்டையும்தான். அவை காலை வழுக்கும், கண்ணில் விழும், தீப்பிடிக்கும். நெஞ்சுக்குள் போவது மூன்றாவது.

ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 70 பங்கு. 10 மைக்ரோன் அளவுள்ள தூசியைத் தனித்தனியாகக் கண்ணால் காண முடியாது. காற்று அசையாத அறையில் அது தலை உயரத்திலிருந்து நிலத்துக்கு வர எட்டு, பத்து நிமிடம் எடுக்கும். 1 மைக்ரோன் தூசிக்கு அரைநாள் வேண்டும். ஆட்கள் நடமாடி, காற்றாடியும் சுற்றினால் அது நிலத்துக்கு வராமலே போகலாம். மூக்கும் தொண்டையும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். 5 மைக்ரோனுக்குக் கீழே உள்ளது நுரையீரலின் அடிவரைக்கும் போகும்.

மரத்தூசியால் புற்றுநோய் வரும் என்பது புதிய பயமுறுத்தல் அல்ல. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் கதிரை செய்வதற்குப் பெயர் போனது. 1960களில் அங்கே பணியாற்றிய காது, மூக்கு, தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணர் எஸ்மி ஹட்பீல்ட், மிக அரிதாக வரவேண்டிய ஒருவகை மூக்குப் புற்றுநோய் தளபாடத் தொழிலாளர்களிடம் வழமைக்கு மாறாகக் கூடுதலாக இருப்பதைக் கவனித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுகள் உலகம் முழுவதும் இந்த விடயத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995 இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதலாம் வகுப்பில் சேர்த்தது. புகையிலைப் புகை இருக்கும் அதே வகுப்பு. ஆனால் வகுப்பு ஒன்று என்பதற்காக ஆபத்தின் அளவும் ஒன்று என்று எடுத்துவிடக்கூடாது. மூக்குப் புற்றுநோய் அரிதானது. தச்சர்களை நாளாந்தம் வதைப்பது அதைவிடச் சாதாரணமான விடயங்கள்: தொய்வு, ஓயாத இருமல், மூக்கடைப்பு, தோல் கடி. முன்னரே காயப்பட்ட நெஞ்சுக்கு இவையே பெரிய சுமை.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். வெளிநாட்டு விதிகளில் "வன்மரத் தூசி" என்று இருந்தால் அது பாலை, முதிரை போன்ற பாரமான மரங்களை மட்டும் குறிப்பதல்ல. அகன்ற இலை கொண்ட மரங்கள் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். வேம்பு, மஹோகனி, பலா, தேக்கு, வெட்டினால் மெதுமையாக இருக்கும் மாமரமும்கூட. அவர்கள் மென்மரம் என்பது பைன் போன்ற ஊசியிலை மரங்களை. எங்கள் பட்டறைகளில் அறுபடுவதில் பெரும்பகுதி வன்மரம்தான். முதிரைத் தூசி தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவது நீண்டகாலமாகவே தெரிந்த விடயம். தேக்கும் சிலருக்கு அப்படியே. வேம்பு அறுக்கும்போது மூக்கு எரிவதைத் தச்சர்கள் தாங்களே சொல்வார்கள். எம்.டி.எவ். பலகையில் மரத்தூசியோடு போமல்டிஹைட் கலந்த பசையும் சேர்ந்து வருகிறது.

பிரித்தானியாவில் வன்மரத் தூசிக்கான எல்லை ஒரு கன மீற்றர் காற்றுக்கு 3 மில்லிகிராம், எட்டு மணிநேரச் சராசரியாக. இந்த எண்ணை எங்கள் கொட்டிலுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரமான அறைக்குள் ஏறத்தாழ 30 கன மீற்றர் காற்று இருக்கும். அந்த அறை முழுவதிலும் மிதக்கும் தூசி 90 மில்லிகிராமைத் தாண்டினால் எல்லையைத் தாண்டியாகிவிட்டது. ஒரு பனடோல் குளிசையில் உள்ள மருந்து 500 மில்லிகிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவு தூசி போதும். ஒரு யன்னல் சட்டத்தைத் தேய்த்து முடிக்கும்போது கிளம்புவது அதைவிட எவ்வளவோ கூட.

ஆகவே கொட்டில் சுத்தமாகத் தெரிகிறதா என்பது அளவுகோல் ஆகாது. பணம் கொடுத்து வாங்கும் பொருள் தூளை அள்ளுகிறதா, தூசியைப் பிடிக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்பதில் இருந்து தொடங்க வேண்டும்

உறிஞ்சும் மெசின்கள் அடிப்படையில் இரண்டு சாதி. ஒன்று, பெரிய விசிறியும் 4 அங்குலக் குழாயும் பையும் கொண்ட தூசி உறிஞ்சி. நிறையக் காற்றை இழுக்கும், ஆனால் இழுவிசை குறைவு. குழாயை ஒடுக்கினால் சோர்ந்துவிடும். மற்றது, வெக்யூம் கிளீனர் வகை. குறைந்த காற்றை மிகுந்த விசையோடு ஒடுங்கிய குழாயால் இழுக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. 4 அங்குலக் குழாய்க்கு 2 அங்குலக் குறைப்பான் போட்டுச் சாண்டரில் பூட்டினால் குழாயின் வாய் கால்வாசியாகிவிடும். விசிறி வெறுமனே சுற்றும். வெக்யூமைப் பிளேனரில் பூட்டினால் இரண்டு பலகைக்குள் சீவல் அடைத்துவிடும்.

அதனால் அந்த அண்ணையிடம் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "மரத்தை நீங்களே சீவுகிறீர்களா, மரக்காலையில் சீவி எடுத்து வருகிறீர்களா?" என்பதுதான். மரக்காலையில் அறுத்துச் சீவிய பலகையை வாங்கி, வீட்டில் பொருத்தி, தேய்த்து, வார்னிஷ் பூசுபவர் என்றால் அவருடைய தூசியில் பெரும்பகுதி சாண்டரிலும் றவுட்டரிலும் இருந்து வருகிறது. அவருக்குத் தேவை நல்ல வெக்யூம். கொட்டிலில் பெரிய மெசின் எதுவும் இல்லாதவர் பெரிய உறிஞ்சி வாங்கினால் அது இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மாறாக, வட்டவாளும் பிளேனரும் நாள் முழுதும் ஓடும் பட்டறை என்றால் விசிறி வகைதான் சரி. இரண்டும் செய்பவர் எது முதலில் என்று தீர்மானிக்க வேண்டும். அப்படியானால் வெக்யூமை முதலில் வாங்குங்கள் என்பேன். மிக நுண்ணிய தூசியை உண்டாக்குவது தேய்ப்பு. அதைச் செய்யும்போது முகம் மரத்துக்கு மிகக் கிட்டவாக இருக்கிறது. பல வீடுகளில் தேய்ப்பு வேலை மனைவியின் கையிலோ பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் கையிலோ விழுகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வெக்யூம் என்றால் வீட்டுக் கம்பளம் துடைப்பது அல்ல. ஈரமும் உலர்வும் இழுக்கக்கூடிய, தொட்டி வைத்த பட்டறை வகை. அதனுள்ளே துணிப் பையோ காகிதப் பையோ கட்டாயம் இருக்க வேண்டும். பை இல்லாமல் வடிகட்டியை மட்டும் நம்பினால் ஒரு கதவு தேய்க்க முன்னரே அது அடைபட்டு இழுவை போய்விடும். இழுவை போனபின் வெக்யூமின் சத்தம் மட்டும்தான் மிச்சம். வெக்யூமுக்கு முன்னால் சுழல் பிரிப்பான் பூட்டிய வாளி ஒன்றை வைத்தால் தூளில் பெரும்பங்கு வாளியிலேயே விழுந்துவிடும், பை பல மடங்கு காலம் நீடிக்கும். கூம்பு வடிவப் பிளாஸ்டிக் பிரிப்பான் தனியாகவே விற்பனைக்கு உண்டு. பெயின்ற் வாளி போதும்; ஆனால் மூடி காற்றுப் புகாமல் இறுக வேண்டும். ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் தூள் வாளியில் நிற்காது, நேரே வெக்யூமுக்குப் போகும்.

இதோடு ஒரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். கிரைண்டரில் சாண்ட் பேப்பர் தட்டைப் பூட்டித் தேய்ப்பது எங்கள் பக்கம் எல்லா இடமும் நடக்கிறது. வேகமாக வேலை முடியும், உண்மைதான். ஆனால் அது தூசியை வட்டமாக விசிறி அடிக்கிறது. எந்த உறிஞ்சியாலும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. தட்டில் துளைகள் உள்ள, வெக்யூம் குழாய் பூட்டக்கூடிய சுழல் சாண்டர் மெதுவானது. ஆனால் தூசி பிறக்கும் இடத்திலேயே இழுபட்டுவிடும். சாண்ட் பேப்பரிலும் அதே இடத்தில் துளை இருக்க வேண்டும். துளையில்லாத தாளை ஒட்டினால் எல்லாம் வீண்.

விசிறி வகையைத் தேடுபவர்களுக்கு: ஒன்றரை முதல் இரண்டு குதிரைவலு மோட்டர் வீட்டுப் பட்டறைக்குப் போதும். வட்டவாளுக்கு நிமிடத்துக்கு 350 கன அடி, 12 அங்குலப் பிளேனருக்கு 400 கன அடிக்கு மேல் காற்று வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பெட்டியில் இதைவிட இரண்டு மூன்று மடங்கு எழுதியிருப்பார்கள். அது குழாயும் பையும் பூட்டாமல் வெறும் விசிறியில் அளந்த எண். பூட்டியபின் பாதியளவுக்கு இறங்குவது வழமை. ஆகவே பெட்டியிலுள்ள எண்ணைப் பாதியாக்கிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பின் அந்தக் காற்றை வீணாக்காமல் இருப்பது குழாயில் இருக்கிறது. மடிப்புள்ள நெளிகுழாய் அழுத்தமான குழாயைவிடப் பல மடங்கு காற்றைத் தடுக்கும். தூரத்துக்குப் பி.வி.சி. குழாய், மெசினோடு சேரும் கடைசி மூன்று நான்கு அடிக்கு மட்டும் நெளிகுழாய். முழங்கை வளைவு ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகள் இரண்டைப் போட்டால் காற்று இலகுவாகத் திரும்பும். கொட்டில் முழுவதும் குழாய் இழுத்து ஒவ்வொரு மெசினுக்கும் அடைப்புக் கதவு வைக்கும் படங்களை யூரியூப்பில் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு. சின்னக் கொட்டிலுக்கு அது தேவையில்லை. உறிஞ்சிக்குச் சில்லுப் பூட்டி, வேலை நடக்கும் மெசினுக்குக் கிட்ட உருட்டிக்கொண்டு போய்ப் பூட்டுவதே மலிவும் திறமும்.

உறிஞ்சியைவிட மலிவான வேலை ஒன்று வட்டவாள் மேசையின் கீழே இருக்கிறது. உள்ளூரில் செய்த மேசைகளில் அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். திறந்த மேசைக்கு எவ்வளவு பெரிய உறிஞ்சியைப் பிடித்தாலும் அது சுற்றியுள்ள காற்றைத்தான் இழுக்கும். வாளைச் சுற்றிப் பிளைவூட்டால் சரிவான பெட்டி அடித்து, அதன் அடியில் 4 அங்குல வாய் வையுங்கள். மோட்டர் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் சூடேறும். துண்டுப் பிளைவூட்டும் ஒரு பின்னேரமும்தான் செலவு. தச்சருக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. என் விளக்கத்தை முடிக்க முன்னரே அண்ணை பென்சிலால் பலகையில் படம் கீறத் தொடங்கிவிட்டார்.

குளிர்நாட்டுக்காரரின் வடிகட்டி எங்களுக்கு வேண்டுமா?

இந்த விடயத்தைத் தேடத் தொடங்கியபோது எனக்கு வியப்பளித்த இடம் இது. உறிஞ்சிகளின் விலையில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது வடிகட்டி. சாதாரணத் துணிப்பை 30 மைக்ரோனுக்கு மேற்பட்டதைத்தான் நிறுத்தும். அதற்குக் கீழே உள்ளது, அதாவது நெஞ்சுக்குப் போகும் தூசி முழுவதும், பையின் கண்களுக்குள்ளால் அறைக்குத் திரும்பி வரும். அந்தவகையில் மலிவான பை உறிஞ்சியைக் கொட்டிலுக்குள் வைத்து ஓட்டுவது நிலத்தில் கிடக்கும் தூசியைக் காற்றில் ஏற்றிவிடும் மெசின் ஒன்றை வாங்கியதற்குச் சமம். 1 மைக்ரோன் வடிகட்டும் மடிப்புக் குடுவைக்கும், அதற்கும் மேலான ஹெப்பா வடிகட்டிக்கும் விலை ஏறிக்கொண்டே போகும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்த வடிகட்டி ஏன் அவ்வளவு முக்கியம்? அங்கே பனிக்காலத்தில் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை வெளியே ஊதிவிட முடியாது. சுத்தமாக்கி மீண்டும் அறைக்குள்ளேயே விட வேண்டும். முல்லைத்தீவில் யாரும் கொட்டிலைச் சூடாக்குவதில்லை. தகரம் அதை இலவசமாகச் செய்கிறது. எங்களால் காற்றை வெளியே ஊதிவிட முடியும்.

எனவே ஒழுங்கு இப்படி வரலாம். மெசினிலிருந்து வரும் குழாய் முதலில் ஒரு மூடிய பரலுக்குப் போகிறது. பரலின் மேல் சுழல் பிரிப்பான். சீவலும் தூளும் அங்கேயே சுழன்று விழுகின்றன. அங்கிருந்து விசிறி. விசிறியிலிருந்து பை இல்லாமல் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகிறது. பிரிப்பான் கொஞ்சம் இழுவையைத் தின்னும். ஆனால் பையை எடுத்துவிட்டதால் அது தின்றதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. விசிறியையும் வெளியே, தனிச் சிறு கூரைக்குக் கீழே வைத்துவிட்டால் சத்தமும் குறையும். குண்டுச் சத்தத்தால் காது பாதிக்கப்பட்டவர்களுக்கும், திடீரென்று கிளம்பும் இரைச்சலைத் தாங்க முடியாதவர்களுக்கும் அது சின்ன விடயமல்ல.

வெளியே என்றால் எங்கே? கிணற்றுப் பக்கம் கூடாது, குசினிப் பக்கம் கூடாது, பக்கத்து வளவுக்காரரின் உடுப்புக் கொடி பக்கமும் கூடாது. வருடத்தில் பல மாதம் அடிக்கும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. வாய் அந்தத் திசையைப் பார்த்திருந்தால் ஊதியது எல்லாம் திரும்பிக் கொட்டிலுக்குள் வரும். வடகிழக்கு வாடைக்கும் இதே கணக்கு. பக்கத்தில் வீடுகள் நெருங்கிய யாழ்ப்பாணத்துச் சிறு காணிகளில் இந்த வழி பொருந்தாது. அங்கே நல்ல வடிகட்டிக்குச் செலவழிப்பதே அயலோடு சண்டை இல்லாத வழி. இன்னுமொன்று: எவ்வளவு காற்று வெளியே போகிறதோ அவ்வளவு உள்ளே வர வேண்டும். எதிர்ப்பக்க யன்னலைத் திறந்து வையுங்கள். கொட்டிலும் குசினியும் ஒரே கதவால் இணைந்திருந்தால் அதை மூடுங்கள். இல்லாவிட்டால் விறகடுப்புப் புகையைப் பட்டறைக்குள் இழுத்துவிடும்.

இரும்பேறிய மரம்

எங்கள் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. போர் நடந்த இடங்களில் வெட்டிய மரத்துக்குள் ரவையும் ஷெல் துண்டும் இருக்கும். மேல்பட்டை மூடி வளர்ந்துவிட்டால் வாள் படும்வரை தெரியாது. வாள் உடைவது ஒருபுறம். பொறி கிளம்பி உறிஞ்சிக்குள் போனால் என்ன நடக்கும்? தூளுக்குள் புதைந்த பொறி உடனே எரியாது. மணிக்கணக்காகப் புகைந்து, ஆட்கள் நித்திரைக்குப் போனபின் பற்றிக்கொள்ளலாம். இரும்புத் துண்டு இரும்பு விசிறியில் அடிபட்டாலும் பொறி வரும். பரலை விசிறிக்கு முன்னால் வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். துண்டு பரலிலேயே விழுந்துவிடும். சந்தேகமான மரத்தைக் காந்தத்தாலோ கையில் பிடிக்கும் உலோகம் தேடும் கருவியாலோ தடவிப் பாருங்கள். வாள் இரும்பில் பட்ட நாளில், வேலை முடிந்ததும் பரலை வீட்டிலிருந்து தள்ளி வெறும் நிலத்தில் கொட்டி விடுங்கள். உளி தீட்டும் சாணைக்கோ இரும்பு வெட்டும் கிரைண்டருக்கோ மர உறிஞ்சியை ஒருபோதும் பூட்ட வேண்டாம்.

மின்சாரமும் பார்க்க வேண்டியது. வீட்டு இணைப்பு ஒற்றைப் பேஸ். வாளும் உறிஞ்சியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் தொடக்கக்கூடாது. மோட்டர் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் எடுக்கும். உறிஞ்சியை முதலில் போட்டு, அது வேகம் பிடித்தபின் வாளைப் போடுங்கள். கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரத்தில் மின்னழுத்தம் விழுந்துவிடும். அந்த நேரத்தில் மோட்டர் சூடேறினால் நிறுத்துவதே நல்லது. மெலிந்த வயரில் நீட்டிப்பு எடுத்து ஓட்டுவது மோட்டரையும் கெடுக்கும், தீயையும் கொண்டுவரும்.

கால் இழந்தவர்கள், ஊன்றுகோலோடு வேலை செய்பவர்கள் குழாயை நிலத்தில் ஓட விடாதீர்கள். சுவரோடு அல்லது தலைக்கு மேலே கொண்டு போங்கள். சுவிட்சை நிற்கும் இடத்திலிருந்து எட்டக்கூடியதாக வையுங்கள். பொய்க்காலுக்குக் கீழே சீவல் என்பது எண்ணெய் கொட்டிய தரை மாதிரி. அந்தக் காரணத்துக்காக மட்டுமே பிளேனருக்கு உறிஞ்சி பூட்டலாம்.

இப்போது ஒன்றுமே வாங்கக் காசில்லை என்பவர்களுக்கு. தேய்ப்பு வேலையைக் கொட்டிலை விட்டு வெளியே, மரநிழலுக்குக் கொண்டுவாருங்கள். காற்று முதுகில் அடிக்க நின்றால் உடம்புக்கு முன்னால் சுழி உண்டாகித் தூசி முகத்துக்கே திரும்பும். காற்று பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள். கொட்டிலுக்குள் மேசைக் காற்றாடி வைப்பதென்றாலும் அதே விதி. கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான என்95 முகக்கவசம், ஒழுங்காகப் பொருந்தினால் நுண்தூசியில் 95 வீதத்தைத் தடுக்கும். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டி உள்ளதை எடுங்கள். தாடி இருந்தால் ஓரத்தால் தூசி புகும். சேர்ட்டை முகத்தில் கட்டுவதும் நீல நிறச் சத்திரசிகிச்சைக் கவசமும் இதற்கு உதவாது. வாள் நின்றவுடன் கவசத்தைக் கழற்றுவதுதான் அதிகம் பேர் செய்வது. மிதக்கும் தூசி அப்போதும் அறைக்குள்தான் இருக்கிறது. கொம்பிரசரால் உடுப்பையும் மேசையையும் ஊதித் துடைப்பதை விட்டுவிடுங்கள். தும்புத்தடியால் கூட்டுவதென்றால் முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள்.

செய்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ரோர்ச் லைற் போதும். பொழுதுபட்டபின் கொட்டில் விளக்கை அணைத்து, ஓடும் மெசினுக்குப் பின்னால் ரோர்ச்சை வைத்து, அதன் ஒளிக்கீற்றை எதிர்ப்பக்கமாக, கண்ணில் நேரே படாமல் பாருங்கள். பகலில் தெரியாத தூசி புகை மாதிரித் தெரியும். பிரித்தானியாவில் தொழிற்பாதுகாப்புப் பரிசோதகர்களும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அண்ணையின் பட்டறையில் பார்த்தபோது வாளின் கீழ்ப்பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேல்பக்கத்தில், வாளின் பல் மரத்தை விட்டு வெளியேறும் இடத்தில், அவருடைய நெஞ்சை நோக்கி ஒரு கீற்று வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல்மூடி ஒன்று செய்து சின்னக் குழாய் பூட்ட வேண்டும்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசி கிளம்பும் தொழிற்சாலைகளில் அதை அகற்ற வேண்டும் என்கிறது. தகரக் கொட்டிலுக்கு அந்தச் சட்டத்தோடு பரிசோதகர் யாரும் வருவதை நான் பார்த்ததில்லை. உதவித் திட்டத்தில் மெசின் கொடுப்பவர்கள் பட்டியலில் ஒரு வெக்யூமையும் ஒரு பெட்டி முகக்கவசத்தையும் சேர்ப்பது பெயர்ப்பலகையைவிடக் கடினமான வேலையாக இருக்க முடியாது. விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது நீங்களே கேட்டு எழுதுங்கள்.

மூக்கின் ஒரு பக்கம் மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால், அந்தப் பக்கத்தால் இரத்தம் வந்தால், காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போய், தச்சுவேலை செய்கிறவர் என்பதைச் சொல்லுங்கள். வேலை நாட்களில் கூடி விடுமுறையில் குறையும் இருமலும் இழுப்பும் தூசியால் வரும் தொய்வாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை தேவை. காசநோயைத் தூசி இருமல் என்று நினைத்து விட்டுவிடக்கூடாது. நெஞ்சில் துண்டு உள்ளவர்கள் பழைய எக்ஸ்ரே படங்களை எடுத்துச் செல்லுங்கள்.

பரல் நிறைவதற்கு விட வேண்டாம், முக்கால்வாசியில் கொட்டுங்கள். நிறைந்தால் பிரிப்பான் வேலை செய்யாது, எல்லாம் விசிறிக்குப் போகும். மாரியில் தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகும் என்பதால் கார்த்திகை, மார்கழியில் இன்னும் அடிக்கடி. கொட்டும்போது முகக்கவசம் வேண்டும். மரத்தூளைக் கோழிக்கூட்டுக்குப் போடலாம், தூள் அடுப்பில் எரிக்கலாம். பிளைவூட், எம்.டி.எவ்., மருந்தடித்த மரம் அறுத்த தூளைக் கலக்காமல் தனியாக வையுங்கள். அது கோழிக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது.